பிரித்தால் ரெண்டுக்கும் ஆகும்

ஏப்ரல் 9

தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று போடத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

நேற்று உன் அத்தான் சாப்பிட உட்கார்ந்தவர், நீ அனுப்பிய உன் இரட்டைக் குழந்தைகளின் படங்களைப் போனில் காட்டினார். “பாரேன், ரெண்டுக்கும் ஒரே மாதிரி சட்டை” என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை. பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற மனுஷன், அவருக்கு என்ன தெரியும். விரல் தேயக் குழந்தைச் சட்டை தைத்துப் பிழைக்கிற எனக்குத் தெரியாதா? அது ஒரே மாதிரி இரண்டு சட்டை இல்லை. ஒரே சட்டை. அம்மாவின் சட்டை. நட்டநடுவில் கத்தரியை விட்டு இரண்டாக்கி, வெட்டிய பக்கத்தில் ஏதோ தலையணை உறைத் துணியை ஒட்டுப்போட்டு, ஒரு பாதியைப் பெரியவளுக்கு மாட்டியிருக்கிறாய். மறு பாதி ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னவன் காலடியில் மடித்துக் கிடக்கிறது.

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். உன்னை நான் அப்படிச் சொல்லமாட்டேன். நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நெஞ்சுப் பகுதியைத் தைக்க அம்மா எவ்வளவு காலம் உட்கார்ந்தாள் என்று உனக்குத் தெரியுமா? மெல்லிய வெள்ளை வாயில் துணியில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, நூல் ஓட்டி, இழுத்துச் சுருக்கி, அரிசி அகலம்கூட இல்லாத மடிப்புகளாக அடுக்கி, அந்த மடிப்புகளின் முதுகில் தேன்கூடு தேன்கூடாகத் தைத்தாள். நான் அவள் வயிற்றில் இருக்கும்போது தைத்தது. நான் போட்டேன், நீ போட்டாய், என் மகன் போட்டான். மூன்று பேர் பால் கக்கியும் ஒரு நூல் நகரவில்லை. உன் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே அதன் கதை முடிந்துவிட்டது.

அம்மா போன பிறகு அவள் கைவேலை என்று நம்மிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். துணிக்கடைக்காரன்கூடக் கிழிப்பதற்கு முன்னால் “கிழிச்சிடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்பான். நீ கேட்டாயா?

போன் பண்ணாதே. எடுக்கமாட்டேன். எடுத்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, பச்சை உடம்புக்காரி நீ.

சின்னவன் எப்படி இருக்கிறான் என்று மட்டும் ஒரு வரி எழுது. டாக்டரம்மா என்ன சொல்கிறார்கள் என்றும் எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன் பார், ‘அன்புள்ள’. என்னிடம் அதற்குப் பஞ்சமில்லை.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கெட்ட செய்தி இல்லை, அக்காவிடமிருந்து வந்தது என்றேன். ஆனாலும் குடியுங்கள் என்றார்.

நீ கேட்டாயா என்று கேட்டிருக்கிறாய். கேட்டேன். நீ சொன்னாய். நான் செய்தேன். செய்த பிறகு “ஏன் செய்தாய்” என்று நீயே கேட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

நடந்ததை எழுதுகிறேன். பெரியவள் எடை தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னவன் மூச்சு இன்னும் பழகவில்லை என்று பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். நானும் உன் மாப்பிள்ளையும் முறை போட்டுக்கொண்டு வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிறோம். உள்ளே போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிக் கழுவிக் கைத் தோல் உரிகிறது. உள்ளே போனால் அவனைத் தொட ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக ஒரு விரலை நீட்டலாம், அவன் மனசு வைத்தால் பிடித்துக்கொள்வான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை, குழாய் வழியாகத்தான் பால். பக்கத்துப் பெட்டியில் இருப்பவன் வார்டே அதிரும்படி கத்துகிறான். அவன் அம்மா மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நர்ஸம்மா ஒருநாள், “வீட்டிலேர்ந்து துணி ஏதாவது வெக்கறதுன்னா குடுங்க, துவைச்சு, சுத்தம் பண்ணி வெக்கறேன்” என்றார்கள். எனக்கு உடனே அம்மாவின் சட்டைதான் ஞாபகம் வந்தது. அதைப் போட்ட பிள்ளை எதுவும் நம் வீட்டில் நோய் நொடி என்று படுத்ததில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வாளே. ஆனால் சட்டை ஒன்று, பிள்ளை இரண்டு. பெரியவளுக்குப் போட்டால், இவன் வீடு வந்து சேரமாட்டான் என்று நானே முடிவுகட்டியது மாதிரி ஆகிவிடும். இவனுக்கு வைத்தால், நன்றாக இருப்பவளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். அந்த வராந்தாவில் உட்கார்ந்தால் உனக்கும் பிடிக்கும் இந்தப் பைத்தியம்.

அதனால்தான் உனக்குப் போன் போட்டேன். “அக்கா, சட்டை ஒண்ணுதானே இருக்கு, பிள்ளை ரெண்டாச்சே. பெரியவளுக்கு நெஞ்சைப் பிடிக்குது வேற. என்ன பண்ணட்டும்?” என்றேன். பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்னாய்: “பிரிச்சிடு. பிரிச்சா ரெண்டுக்கும் ஆகும்.”

நான் நம்பாமல், பிரிக்கவா என்று மறுபடியும் கேட்டேன். ஆமாம் என்கிறேன் இல்லையா என்று எரிந்து விழுந்து வைத்துவிட்டாய்.

கத்தரியைக் கையில் எடுத்து நான் அழுதது உனக்குத் தெரியாது. சட்டைக்காக அழவில்லை. அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு, அம்மா சட்டையையே இரண்டு பிள்ளைக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறாளே என்று அழுதேன். இப்போது அந்தக் கண்ணீரைத் திருப்பித் தா.

சின்னவன் அப்படியே இருக்கிறான். டாக்டரம்மா “பொறுங்க” என்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

உன் தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் எப்போது வெட்டச் சொன்னேன்? என் வாயில் ‘வெட்டு’ என்ற சொல் அம்மா சட்டையைப் பற்றி வருமா? சாட்சிக்குப் பொத்தான்காரியைக் கூப்பிட்டேன். என் கடையில் பொத்தானும் கொக்கியும் தைக்கிறாளே, அவள்தான். அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “நான் என்ன சொன்னேன்னு நீயே சொல்லுடி” என்றேன்.

“பிரிச்சிடுன்னுதான் சொன்னீங்க. தங்கச்சிக்கும் உங்களுக்கும் ஏதோ சொத்துத் தகராறுன்னு நினைச்சேன், நமக்கெதுக்குன்னு பேசாம இருந்துட்டேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடியே, என் தொழிலில் பிரிக்கிறது என்றால் ஒன்றே ஒன்றுதான். ஊசி முனையால் தையலைத் தூக்கி நூலை உருவுவது. காலையிலிருந்து மாலை வரை நான் பேசுகிற பிரி அதுதான். கை இறுக்கமா, பிரி. கழுத்துக் கோணலா, பிரி. நான் சொன்னது, ஓரத்தில் இரண்டு வரிசைத் தேன்கூட்டைப் பிரித்துவிட்டால் நெஞ்சு இளகும், இப்போது பெரியவள் போடட்டும், சின்னவன் வீட்டுக்கு வந்ததும் அவன் போடட்டும், ஆக இரண்டு பேருக்கும் ஆகும் என்று. நீ மருந்துக்கடையில் பில் போடுகிறவள். மாத்திரை அட்டையை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுக்கிற கை உன்னுடையது. உனக்குப் பிரி என்றால் பாகம் போடுவது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு நானே உதாரணம். போனில் அரைவாய்ப் பேச்சுப் பேசினால் இப்படித்தான். ஆனாலும் சொல்கிறேன், நான் பாகம் போடவே சொல்லியிருந்தாலும், நடுவில் வெட்டும்போது அந்த மடிப்பெல்லாம் கண்ணீர் விட்டிருக்குமே, அது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது வேலைக்கு வருகிறேன். வெட்டின ஓரத்தில் தேன்கூட்டு நூல் அறுந்திருக்கும். அறுந்த இடத்திலிருந்து மடிப்பு ஒவ்வொன்றாக விரியும். எந்த நூலையும் பிடித்து இழுக்காதே. சாயம் போகிற நூலால் எதையும் தைக்காதே. உன் தலையணை உறையைத் தயவுசெய்து கழற்று. இரண்டு பாதியையும் ஒரு பழைய துண்டில் சுற்றிப் பார்சலில் அனுப்பு. நான் பார்க்கிறேன்.

இனிமேல் சட்டை விஷயம் எதுவும் போனில் வேண்டாம். எழுத்தில்தான். நமக்குள் பேச்சு எவ்வளவு அழகாகப் போகிறது என்று பார்த்தாகிவிட்டது.

சின்னவனைத் தொடும்போது பெரியம்மா கேட்டாள் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

பெரியவளின் பாதியை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். தலையணை உறையைக் கழற்றிவிட்டேன். பிரித்துவிட்டேன் என்று எழுத வந்தேன், பயமாக இருந்தது.

சின்னவனுடையதை அனுப்ப முடியாது. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவன் மூச்சு நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். மானிட்டர் கத்த ஆரம்பித்தது, நர்ஸம்மா ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள், என்னை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் நான் யார் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. பிறகு டாக்டரம்மா வந்து, மறுபடி மூச்சுக் குழாய் வைத்திருக்கிறோம், தொற்று இருக்கலாம், பார்க்கலாம் என்றார்கள். ‘பொறுங்க’ என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு நான் ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை.

நீ எழுதினபடிதான் நடக்கிறது. அவர்கள் துவைத்துத் துவைத்து வைக்க, அவன் காலடியில் இருக்கிற பாதியில் மடிப்பு ஒவ்வொன்றாக விரிகிறது. போகும்போதெல்லாம் என் கண் முதலில் மானிட்டரைப் பார்க்கிறது, அடுத்து அந்த மடிப்பைப் பார்க்கிறது. இன்றைக்கு இன்னும் ஒன்று போய்விட்டதே என்று விரல்விட்டு எண்ணுகிறேன். ஒவ்வொரு மடிப்பும் அவனிடமிருந்து போகிற மாதிரி இருக்கிறது, அக்கா. இந்த நேரத்தில் அதை எடு என்று நர்ஸம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்று செய். அவன் மார்பளவு, கையளவு, நீளம் மூன்றுக்கும் நூல் வெட்டி முடிச்சுப் போட்டு உறையில் வைத்திருக்கிறேன். நர்ஸம்மாதான் எனக்காக அளந்து கொடுத்தார்கள். அந்த அளவுக்குக் குட்டியாக ஒரு சட்டை தைத்து அனுப்பு. முன்பக்கம் முழுக்கத் திறக்க வேண்டும், குழாய் எல்லாம் இருக்கிறது. அது வந்ததும் அவனுக்குப் போட்டுவிட்டு, அம்மாவின் பாதியை எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

நீ ஏன் இன்னும் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை? உள்ளே பெற்றோரைத் தவிர யாரையும் விடமாட்டார்கள், தெரியும். என்னை வந்து பார்க்கலாமே.

உன் தங்கை


மே 4

அன்புத் தங்கச்சி,

நூல் வந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். உன் அத்தான் என்ன என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். தையல்காரி வீட்டில் தூசிக்கா பஞ்சம், நம்பிவிட்டார்.

அவசரமாக ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன். மடிப்பு விரிகிறது, அவனிடமிருந்து போகிறது என்று எழுதியிருந்தாயே. அப்படி இல்லை. இதை நன்றாகக் கேள். மடிப்பு விரிந்தால் துணி எங்கேயும் போய்விடாது. அம்மா ஒரு பாகம் இடத்தில் மூன்று பாகம் துணியைச் சுருக்கி அடைத்திருக்கிறாள். விரிய விரிய அது அகலமாகும். உன் கண்ணுக்குக் குறைகிற மாதிரி தெரிவது உண்மையில் கூடுகிறது. இன்றைக்கு ஒரு மடிப்பு விரிந்திருந்தால், அவன் சட்டையில் ஒரு மடிப்பளவு துணி கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. துணிக்கு நான் பொய் சொல்லமாட்டேன்.

தொற்றுக்கு மருந்து கொடுத்தார்களா? கேட்கிறதா? ஒரு வரியாவது உடனே போடு. தினமும் தபால்காரர் சைக்கிள் மணிக்குக் கடையை விட்டு வெளியே வருகிறேன். அவர் என்னைப் பார்த்தாலே “இல்லைம்மா” என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார்.

சட்டை பிறகு. ஏன் வரவில்லை என்பதும் பிறகு.

அக்கா


மே 11

அன்புள்ள அக்கா,

குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான். என் வயிற்றில் பால் வார்த்தார்கள்.

மருந்து கேட்டது. நேற்றுக் காலை டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “பொறுங்கம்மா” என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். அவர்கள் ஏன் சிரிக்கிறாய் என்று பார்த்தார்கள், நான் எப்படி விளக்குவது.

நீ மடிப்பைப் பற்றி எழுதினதை நர்ஸம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர்கள் அந்தப் பாதியைக் கையில் எடுத்துப் பார்த்து, “உங்க அக்கா சொல்றது சரிதான், நான் முதல்ல வெச்சப்ப இது இவ்ளோ அகலமா இல்லையே” என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு அதைப் பார்க்கப் பயம் போய்விட்டது. இன்றைக்கு நானே கேட்டு வாங்கி, இதோ உனக்கு அனுப்பிவிட்டேன். அவன் காலடி வெறுமையாக இருக்கிறது. அதனால் சீக்கிரம் அந்தக் குட்டிச் சட்டையை அனுப்பு. எல்லாரும் ஆஸ்பத்திரிச் சட்டையில் இருக்கும்போது இவன் மட்டும் பெரியம்மா தைத்ததைப் போட்டுக்கொண்டு மிடுக்காகப் படுத்திருக்கட்டும்.

பெரியவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நினைக்காதே. பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், உன்னைப் போலவே சட்டென்று கோபம் வருகிறது.

உன் தங்கை


மே 25

அன்புத் தங்கச்சி,

பார்சலைத் திறந்துவிட்டு, கடிதத்தைப் படிக்குமுன்பே நீ என்னைத் திட்டியிருப்பாய். திட்டி முடித்துவிட்டாயா? இனி படி.

உள்ளே இரண்டு சட்டை இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு. தவழுகிற குழந்தையின் அளவு. நீ நூல் அனுப்பிய அளவில் நான் தைக்கவில்லை.

நான் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டாயே, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். என் கடைக்கு அந்த அளவு நூலோடு ஆட்கள் வருவதுண்டு. பெட்டியில் இருக்கிற குழந்தைக்குச் சட்டை வேண்டும், பெரிய கடையில் இவ்வளவு சின்னதாகக் கிடைக்கவில்லை என்று வருவார்கள். நானும் தைப்பேன். சிலர் வந்து சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். சிலர் வரவே மாட்டார்கள். நானும் போன் போட்டுக் கேட்கமாட்டேன். அந்தச் சட்டைகள் மேல் தட்டில் காகிதம் சுற்றி இருக்கின்றன. தூக்கிப்போடவும் மனசு வராது, இன்னொரு குழந்தைக்கு விற்கவும் மனசு வராது. உன் நூலை எடுத்து மேஜையில் வைத்தபோது அதே அளவு. என் கை அதைத் தைக்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் அதனால்தான் வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்த அளவில் அவனைப் பார்த்துவிட்டால், பிறகு அந்த அளவைத் தவிர வேறு அளவில் என்னால் அவனை நினைக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன். உன்னைத் தனியாக விட்டது தப்புதான். ஆனால் பயந்தேன்.

அதனால் அவன் இன்றைக்கு இருக்கிற அளவை விட்டுவிட்டு, இருக்கப்போகிற அளவுக்குத் தைத்தேன்.

இனி அம்மா சட்டையின் கதை. இரண்டு பாதியையும் மேஜையில் போட்டுப் பார்த்தேன். ஒட்டுத் தைத்துப் பழையபடி ஒன்றாக்கலாமா என்று யோசித்தேன். ஆக்கலாம். நடுவில் தழும்பு மாதிரி ஒரு கோடு நிற்கும். அதோடு மறுபடி சட்டை ஒன்று, பிள்ளை இரண்டு, நீ மறுபடி வராந்தாவில் உட்கார்ந்து யாருக்கு என்று அழுவாய். பிறகு விரிந்து கிடந்த சின்னவன் பாதியை நீவிவிட்டு அளந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மூன்று பாகம் துணியை ஒரு பாகமாகச் சுருக்கியது அல்லவா? அதில் பாதி என்றால்கூட, முழுக்க விரித்தால் ஒரு சட்டையின் முன்பக்கத்துக்குத் தாராளமாக வரும். இவ்வளவு நெருக்கமாக மடிக்காமல் கொஞ்சம் இளக்கமாக மடித்தால் போதும். நான் போனில் என்ன சொன்னேன்? பிரித்தால் ரெண்டுக்கும் ஆகும். தெரியாமல் சொன்னாலும் கணக்காகத்தான் சொல்லியிருக்கிறேன். நீ பிரித்ததும் வேண்டியிருந்தது, நான் பிரித்ததும் வேண்டியிருந்தது.

ஆனால் அதற்கு மிச்சமிருந்த அம்மாவின் தேன்கூட்டையெல்லாம் நானே உட்கார்ந்து ஊசி முனையால் எடுக்கவேண்டியிருந்தது. உன்னை வெட்டினாய் என்று அத்தனை பேச்சுப் பேசியவள், அவள் போட்ட ஒவ்வொரு முடிச்சையும் என் கையால் அவிழ்த்தேன். அழுதேன். பொத்தான்காரி டீ வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அம்மா இடது கைக்காரி என்பது நினைவிருக்கிறதா? மடிப்புகள் மேல் முறுக்கின கயிறு மாதிரி அவள் போட்ட தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நான் நூலை ஊசியின் மறுபக்கம் விட்டு, அவள் ஊசி போன துளைகள் தெரிந்த இடமெல்லாம் அதே துளையில் போட்டேன். அதே சாய்வு வந்தது. எல்லா இடத்திலும் இல்லை. விளிம்பில் அவள் போட்ட சின்ன நீலப் பூக்களைத் தொடவே இல்லை, ஆளுக்குக் கொஞ்சம் போயிருக்கிறது. பின்பக்கத்துக்குப் புது வாயில் துணி வாங்கித் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நீ உற்றுப் பார்க்கமாட்டாய், எனக்குத் தெரியும்.

இரண்டில் எது யாருக்கு என்று கேட்காதே. எது கைக்கு வருகிறதோ அதைப் போடு.

அக்கா


ஜூன் 6

அன்புள்ள அக்கா,

திட்டினேன். நிஜமாகவே திட்டினேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்சலைத் திறந்ததும், இவளுக்கு நூலை அனுப்பினால் தலைகீழாகத் தைத்து அனுப்புகிறாளே, எந்த ஜென்மத்தில் இவன் இதற்குள் நிரம்புவது என்று உன் மாப்பிள்ளையிடம் கத்தினேன். அவர் உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய் மூக்கைச் சிந்திவிட்டு வந்து, “உங்க அக்காவுக்கு வாய்தான் கரடுமுரடு” என்றார். அவர் உன்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை இது, எழுதி வைத்துக்கொள்.

அக்கா, அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு நாளாக நான் அவனை இன்றைக்கு, இந்த வேளை, இந்த மூச்சு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாளைக்கு என்று நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தவழுவான் என்று நான் ஒருநாள்கூட நினைத்ததில்லை. நீ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எனக்காக அதை நினைத்துத் தைத்தும் வைத்துவிட்டாய். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இனி உன் இஷ்டம் போல் வைத்துக்கொள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

நர்ஸம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்து, “இது சட்டையா, கூடாரமா?” என்றார்கள். பிறகு அவர்களே அதைப் போர்வை மாதிரி அவன் மேல் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் குழாயில்லாமல் பால் குடித்தான். அதற்கடுத்த நாள் பக்கத்துப் பெட்டிக்காரனை விடச் சத்தமாக அழுதான். வார்டில் இருந்த எல்லா அம்மாக்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்த கொண்டாட்டத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

முந்தாநாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொண்டுவரும்போது அந்தச் சட்டையைப் போட்டுத்தான் கொண்டுவந்தேன். கை எங்கே, கால் எங்கே என்று தெரியாமல் சலவை மூட்டை மாதிரி வந்தான். பெரியவள் பக்கத்தில் படுக்க வைத்ததும் அவள் ஒரு உதை விட்டாள். இவனும் திருப்பி விட்டான், மெதுவாக, ஆனால் விட்டான். அன்றைக்கே இரண்டு சட்டையிலும் பால் கக்கிவிட்டார்கள். நீ சொன்னது சரி, ஒரு நூல் நகரவில்லை.

இப்போது அவனுக்கும் உனக்கும் நடுவில் கண்ணாடி எதுவும் இல்லை. வா.

உன் தங்கை


ஜூன் 12

தங்கச்சி,

சனிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், எனக்கு வழி தெரியும். உன் அத்தானும் வருகிறேன் என்று அடம்பிடிக்கிறார், டிப்போவில் லீவு சொல்லிவிட்டாராம்.

கடையை எட்டு நாள் மூடுகிறேன் என்றதும் பொத்தான்காரி, “சொத்துத் தகராறு தீர்ந்துதாக்கா?” என்று கேட்டாள். தீர்ந்தது என்றேன்.

பால் கறையை வெந்நீரில் போடாதே, கெட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீர்.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

நீ வந்துபோனதற்குப் பிறகு போனிலேயே பேசிப் பழகிவிட்டோம், கடிதம் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனால் சட்டை விஷயம் எழுத்தில்தான் என்று நீயே சட்டம் போட்டிருக்கிறாய்.

ஒரு புகார். நீ தைத்த சட்டை சரியில்லை. பெரியவளுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது. அவள் இப்போது தின்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சின்னவன் அப்படியில்லை. அவன் பங்கையும் தின்று, அவள் பங்கையும் தின்று, போன மாதம் அக்காளைத் தாண்டிவிட்டான். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள் என்றார்கள். “பொறுங்க” என்று சொன்ன அதே வாய். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நேற்றுச் சட்டையை மாட்டப் பார்த்தேன். தலை நுழைந்தது, கை நுழையவில்லை. எவ்வளவு இழுத்தாலும் நெஞ்சோடு நின்றுவிட்டது. சின்னவனுக்குச் சட்டை பத்தவில்லை, அக்கா. நான் தரையில் உட்கார்ந்து, பத்தவில்லை பத்தவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் மாப்பிள்ளை என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

பெரிதாக ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு வா. அளவு எழுதவில்லை. எடுக்கலாம் என்று பிடித்தால் நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். என்னால் அவனைப் பிடிக்க முடியவில்லை, நீயே வந்து பிடி.

உன் தங்கை